குண்டு இரும்பில் அடித்த கத்தி: ஒன்றரை வருடம் புழங்கிய பிறகு

சீலா மீனை (சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம்) நடுமுள்ளோடு துண்டு போட இந்தக் கத்திக்கு ஒரு வெட்டு போதும். சேனைக்கிழங்கு, எலும்போடு ஆட்டுக்கறி, பலாக்காய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றரை வருடமாகத் தூத்துக்குடி வீட்டுச் சமையலறையில் கிட்டத்தட்ட தினமும் புழங்குகிறது, இதுவரை இரண்டே முறைதான் சாணைக்கல்லில் தேய்த்திருக்கிறேன். அருவாமனையைத் தவிர வேறு எதையும் நம்பாத என் அம்மாகூட இப்போது தேங்காய் துருவ மட்டும்தான் அதைத் தேடுகிறார். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். எடை, விலை, துரு எல்லாம் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கொடுத்த காசில் பாதி அதற்குத்தான்.

கின்மென் என்று ஒரு தீவு. பழைய வரைபடங்களில் கெமோய் என்று இருக்கும். தைவான் அரசின் கையில் இருக்கிறது, ஆனால் சீனாவின் சியாமென் நகரத்துக்கு நேர் எதிரே கிடக்கிறது. கடற்கரையில் நின்றால் எதிர்க்கரையின் அடுக்குமாடிகள் வெறும் கண்ணுக்கே தெரியும், தைவான் பெருந்தீவுக்கோ விமானத்தில் ஒரு மணி நேரம் ஆகிறது. நான் தைவானின் சிஞ்சு நகரத்தில் ஒரு வருட வேலைக்குப் போயிருந்தபோது ஒரு நீண்ட விடுமுறையில் அங்கே போனேன். ராணுவச் சுரங்கங்கள், சோளச் சாராயம், இந்தக் கத்தி, இந்த மூன்றுக்காகத்தான் பெரும்பாலானவர்கள் அந்தத் தீவுக்கு வருகிறார்கள்.

1958 ஆகஸ்ட் 23 மாலை சீனப் பீரங்கிகள் இந்தத் தீவின் மேல் சுட ஆரம்பித்தன. 44 நாளில் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். தீவின் பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர்தான், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அக்டோபர் கடைசியில் ஒரு விசித்திரமான ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவது, இரட்டைப்படைத் தேதிகளில் ஓய்வு. போகப்போக அது துண்டறிக்கைக் குண்டாக மாறிவிட்டது. நடுவானில் திறந்து பிரசாரக் காகிதங்களைக் கொட்டிவிட்டு, இரும்பு உடல் மட்டும் சிதறாமல் முழுசாக வந்து விழும். அது கூரை மேல் விழுந்தால் வீட்டுக்குள் இருப்பவருக்குக் காகிதக் குண்டு, வெடிகுண்டு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இது 20 வருடம் நடந்தது. நல்ல தரமான எஃகு, அதுவும் இலவசமாக வீட்டு வாசலில் வந்து விழுகிறது, தீவின் கொல்லர்கள் சும்மா விடுவார்களா?

நான் வாங்கிய பட்டறையில் அடிப்பதைப் பார்க்கலாம். மூலையில் துருப்பிடித்த குண்டுகள் நம் ஊர் கேஸ் சிலிண்டர் மாதிரி அடுக்கியிருந்தன. கொல்லர் ஒன்றை உருட்டி வந்து ஒரு துண்டு அறுத்து எடுத்து, உலையில் வைத்து, இயந்திரச் சம்மட்டியில் தட்டி, தண்ணீரில் முக்கி, அரை மணி நேரத்துக்குள் ஒரு கத்தியின் உருவத்தைக் காட்டிவிட்டார். ஒரு குண்டில் 60 கத்திவரை தேறும் என்றார்கள். நான் போனை வைத்து மொழிபெயர்த்துக்கொண்டே, கடைசிக் குண்டு எப்போது விழுந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: 1978 கடைசிவரை, 1979 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. அமெரிக்கா தைவானை விட்டுவிட்டுச் சீனாவோடு தூதரக உறவைத் தொடங்கியதும் அதே 1979 ஜனவரி 1தான். தற்செயல் இல்லை. அன்றைக்குப் பெய்ஜிங் இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டது. ஒன்று தைவான் மக்களுக்கு ‘உடன்பிறப்புகளே’ என்று ஒரு செய்தி, இன்னொன்று பீரங்கிகளை நிறுத்துகிறோம் என்று பாதுகாப்பு அமைச்சரின் அறிக்கை. எதிரியின் குண்டு நின்றதும் நண்பன் கையை எடுத்ததும் ஒரே நாளில். என் கத்தியின் மூலப்பொருள் வரத்து நின்றுபோன காரணம் அதுதான்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1954 டிசம்பரில் அமெரிக்காவும், சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு வந்துவிட்ட சியாங் கை ஷேக்கின் அரசும் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை போட்டன. அதில் தைவானும் பெங்ஹு தீவுகளும் பெயர் சொல்லி இருக்கின்றன, குண்டு விழுந்த கின்மென் இல்லை. தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றம் அதிபருக்கு ஒரு பொது அதிகாரம் கொடுத்து வைத்தது, அவ்வளவுதான். பத்தாவது பிரிவில் இன்னொன்று: இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு வருட நோட்டீஸ் கொடுத்து விலகலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி. 1960ல் ஐசன்ஹோவர் தைபே வந்தார், பதவியில் இருக்கும்போது தைவானுக்கு வந்த அமெரிக்க அதிபர் இன்றுவரை அவர் ஒருவர்தான். சீனா அதற்கு எதிர்ப்புக் காட்ட வழக்கத்தைவிடப் பல மடங்கு குண்டைக் கின்மென் மேல் பொழிந்தது. வந்து போனவர் வேறு, வாங்கிக்கொண்டவர்கள் வேறு.

அதே வருடம் அமெரிக்கத் தேர்தல் விவாதத்தில் இந்தத் தீவுதான் பெரிய பேச்சு. இதற்காகவெல்லாம் போருக்குப் போவது புத்திசாலித்தனமில்லை என்கிற மாதிரி கென்னடி பேசினார். விட்டுக்கொடுக்கவே கூடாது, மண் சின்னதாக இருக்கலாம், கொள்கை பெரிது என்று எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் நிக்சன்.

நிக்சன் அதிபரானது 1969ல். அந்த வருடக் கடைசியிலேயே தைவான் நீரிணையில் அமெரிக்கக் கடற்படை வழக்கமாகச் சுற்றிவந்த ரோந்தைக் குறைத்து, அந்தச் செய்தியைப் பாகிஸ்தான் வழியாகப் பெய்ஜிங்குக்குத் தெரியப்படுத்தினார்கள். 1971 ஜூலையில் அவருடைய ஆலோசகர் கிசிங்கர் பாகிஸ்தான் போனார், வயிற்று வலி என்று ஒரு கதை கட்டினார், மலையில் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகைக்காரர்களை நம்பவைத்துவிட்டு பாகிஸ்தான் விமானத்தில் பெய்ஜிங் பறந்தார். கிழக்கு வங்காளத்தில் யாஹ்யா கானின் ராணுவம் செய்துகொண்டிருந்ததைப் பற்றி வாஷிங்டன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கோபப்படுவார்கள். இந்தத் தூதுப் பாதையைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

எனக்கு உறுத்துவது பெய்ஜிங்கில் முதல் நாள், ஜூலை 9 அன்று நடந்த பேச்சு. சீனப் பிரதமர் சௌ என்லாயிடம் கிசிங்கர் சொன்னது: இரண்டு சீனா என்று நாங்கள் கேட்கவில்லை, ஒரு சீனா ஒரு தைவான் என்றும் கேட்கவில்லை; தைவானில் இருக்கும் எங்கள் படையில் மூன்றில் இரண்டு பங்கு வியட்நாம் போர் முடிந்ததும் போய்விடும், மீதி நம் உறவு வளர வளரக் குறையும். இதைக் கேட்ட பிறகுதான் சௌ என்லாய், தூதரக உறவுக்கு நம்பிக்கை இருக்கிறது என்கிறார். அன்றைக்குத் தைவான் பேச்சு அதிகம் வரவில்லை என்கிற மாதிரி கிசிங்கர் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். சுமார் முப்பது வருடம் கழித்து உரையாடல் குறிப்புகள் வெளியானபோது பார்த்தால் முதல் நாள் முதல் விஷயமே அதுதான்.

என் அம்மா மீன் வாங்கப் போனால் எந்த மீன் வேண்டும் என்பதைக் கடைசிவரை முகத்தில் காட்ட மாட்டார். நெத்திலியை விலை கேட்டு, ஊளியைப் புரட்டிப் பார்த்து, கிளம்புகிற மாதிரி இரண்டடி நடந்து, அப்புறம்தான் சீலாவுக்கு வருவார். இங்கே உட்கார்ந்ததும் சீலாவுக்குக் காசை எடுத்து வைத்துவிட்டார்கள், அதுவும் அடுத்தவர் பையிலிருந்து எடுத்த காசு. அந்த அடுத்தவருக்கு, அதாவது வாஷிங்டனில் இருந்த சியாங்கின் தூதருக்கு, நிக்சன் தொலைக்காட்சியில் அறிவிப்பதற்குச் சற்று முன்புதான் விஷயமே தெரியும்.

அதே வருடம் அக்டோபரில், சீனாவின் இடம் யாருக்கு என்று ஐ.நா. ஓட்டெடுப்பு. 76க்கு 35 என்ற கணக்கில் பெய்ஜிங் உள்ளே வந்தது, தைபே வெளியேறியது. அந்த 76ல் இந்தியாவும் உண்டு. தைவானுக்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்று அமெரிக்காவின் ஐ.நா. தூதர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) நியூயார்க்கில் ஓட்டுக் கேட்டு அலைந்துகொண்டிருந்த அதே வாரம் கிசிங்கர் இரண்டாம் முறையாகப் பெய்ஜிங்கில். ஓட்டுப் போடவந்த நாடுகளுக்குக் கண் இருக்காதா?

சரி, நியாயமாகவும் பேசவேண்டும். 80 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டை இல்லாத மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு தீவிலிருந்த அரசைச் சீனா என்று 22 வருடம் கூப்பிட்டது அபத்தம்தான். சியாங் கை ஷேக்கும் பிள்ளைப்பூச்சி இல்லை. 1949ல் போட்ட ராணுவச் சட்டத்தை அவர் சாகும்வரை எடுக்கவில்லை, எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளினார், சுட்டார், ஐ.நா.வில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையையும் வெளிப்படையாக ஏற்க மறுத்தார். தைவானில் வாழ்ந்த சாதாரண ஜனங்களை இரண்டு பக்கமும் யாரும் கேட்கவில்லை. ஆகவே விற்றவர் கெட்டவர், விற்கப்பட்டவர் நல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. என் புகார் வியாபாரம் நடந்த முறை பற்றியது.

கிடைத்தது என்ன என்றும் பார்க்கவேண்டும் அல்லவா, விமர்சனம் என்றால். நிக்சனுக்கு 1972 பிப்ரவரிப் பயணம், பெருஞ்சுவரில் புகைப்படம், பயந்துபோன மாஸ்கோவிடமிருந்து மே மாதத்தில் ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். அது உண்மையான லாபம், மறுக்கமாட்டேன். ஆனால் அவர் பெரிதாக எதிர்பார்த்தது வியட்நாம் விஷயத்தில் சீனாவின் ஒத்தாசை. ஹனோய்க்குப் போன சீன ஆயுதம் நிற்கவில்லை, 1975ல் சைகோன் விழுந்தது. அந்தப் பயணத்தின் முடிவில் வெளியிட்ட ஷாங்காய் அறிக்கையில் அமெரிக்கா எழுதிக் கொடுத்ததோ அப்படியே நின்றது: படைகளையெல்லாம் விலக்குவது எங்கள் இறுதி நோக்கம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

மீதியை முடித்தவர் அதிபர் கார்ட்டர். 1978 டிசம்பர் 15 இரவு ஒன்பது மணிக்கு வாஷிங்டனில் அறிவிப்பு. தைபேயில் அது 16ஆம் தேதி காலை. தைபேயிலிருந்த அமெரிக்கத் தூதர் உங்கர் அதற்கு முந்தைய இரவு ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இருந்தபோது அவரைத் தேடிப்பிடித்துச் செய்தி சொல்லி, அவர் போய் விடிவதற்குள் அதிபர் சியாங் சிங் குவோவை (சியாங்கின் மகன்) எழுப்பிச் சொன்னார். 24 வருட உடன்படிக்கை. சம்பந்தப்பட்டவருக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். பத்தாவது பிரிவின்படி ஒரு வருட நோட்டீஸ் என்பதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். டிசம்பர் 27 அன்று சமாதானம் பேச வந்த துணை வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டஃபரின் காரைத் தைபே ஜனங்கள் முட்டை, தக்காளி, மூங்கில் கழியோடு வழிமறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள்.

இந்த முறை வாங்கிய பொருள் கொஞ்சம் கனமானது. ஈரானில் ஷா கவிழ்ந்ததும் சோவியத் ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணித்த நிலையங்கள் அமெரிக்காவின் கையைவிட்டுப் போயின, அதற்கு மாற்றாகச் சீனா தன் சின்ஜியாங்கில் இடம் கொடுத்தது. சீனத் தலைவர் டெங் சியாவோபிங் வாஷிங்டன் போய் விருந்து சாப்பிட்டு, வியட்நாமை அடிக்கப் போகிறேன் என்று கார்ட்டர் காதில் போட்டுவிட்டு வந்து பிப்ரவரியில் அடித்தார். அமெரிக்கா முணுமுணுத்ததோடு சரி. போட்டியாளரின் ஆதரவை வாங்கப் போனால் அவர் செய்யும் காரியத்துக்கும் சேர்த்துத் தலையாட்டவேண்டியிருக்கும் என்பதை அப்போது பில்லில் யாரும் எழுதவில்லை.

தைவான் என்ன செய்தது? அறுபதுகளின் கடைசியில் ரகசியமாகத் தொடங்கிய அணுகுண்டு வேலையை எழுபதுகளிலும் தொடர்ந்தது. அமெரிக்கா கண்டுபிடித்து இரண்டு முறை நிறுத்தியது, கடைசியாக 1988ல். பாதுகாப்பைத் தரமாட்டேன், நீயாகச் செய்துகொள்ளவும் விடமாட்டேன் என்றால் அவன் எங்கே போவான்? ஓரளவு காப்பாற்றியது அமெரிக்க நாடாளுமன்றம்தான். கார்ட்டர் அனுப்பிய மசோதா போதாது என்று இரு அவைகளும் அதைத் திருத்தி, தற்காப்பு ஆயுதம் தொடர்ந்து தரவேண்டும் என்று 1979 ஏப்ரலில் சட்டமாக்கின. காக்க வருவோம் என்று அதில் இல்லை, ‘கடுமையான கவலை’ கொள்வோம் என்றுதான் இருக்கிறது. தூதரகத்துக்குப் பதில் ஒரு ‘கழகம்’ திறந்து, வெளியுறவுத் துறை அதிகாரிகள் வேலையை விட்டுவிட்டவர்கள் போல அதில் போய் உட்கார்ந்தார்கள். இந்தப் பெயர் விளையாட்டு நம் ஊரிலும் உண்டு. விசாவுக்கு நான் சென்னையில் ஏறி இறங்கிய அலுவலகத்தின் பலகையில் தூதரகம் என்றோ தைவான் என்றோ இருக்காது, ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’ என்றுதான் இருக்கும்.

கின்மென்காரர்கள் இதையெல்லாம் வேறுமாதிரி பார்க்கிறார்கள் போல. அவர்களுக்கு 1979 என்றால் குண்டு நின்ற வருடம், நிம்மதி. 2018 முதல் அவர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கடலடிக் குழாய் வழியாக எதிர்க்கரையிலிருந்தே வருகிறது. நான் தங்கிய விடுதிக்காரம்மாவிடம் அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டானே என்று உருக்கமாகப் பேச்சை எடுத்தேன். போனில் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார், இன்னும் கொஞ்சம் சிப்பி ஆம்லெட் வைத்தார்.

இனி கத்தி. நான் எடுத்தது அகலமான சீன மாதிரி. காய்க்கும் ஆகும், சின்ன எலும்புக்கும் ஆகும், பெரிய தொடை எலும்புக்கு வேண்டாம், அதற்குத் தடித்த வகை தனியாக விற்கிறார்கள். எடை அதிகம். முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும், அப்புறம் அந்த எடையே வேலையைச் செய்துவிடும். விலை 2,000 தைவான் டாலருக்குக் கொஞ்சம் கீழே, நம் பணத்தில் ஐயாயிரத்தைத் தொடும். ஒரு கத்திக்கு இது கொள்ளைதான். விமானத்தில் பெட்டியில் போட்டு அனுப்பவேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள். சென்னையில் திறந்து காட்டச் சொன்னால் சமையல் கத்தி என்று மட்டும் சொல்லுங்கள். எதில் செய்தது என்ற பெருமையை விமான நிலையத்தில் அவிழ்க்காதீர்கள்.

குறை இரண்டு. துருப்பிடிக்கிறது. எலுமிச்சை, புளி, மாங்காய் வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்தால் அரை மணி நேரத்தில் கறை, ஓர் இரவு விட்டால் செம்மண் நிறம். நான் துடைத்துத் துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு அதுவும் போதவில்லை, வாரம் ஒரு தடவை சாம்பல் போட்டுத் தேய்க்கவேண்டியிருக்கிறது. இரண்டாவது, மரக் கைப்பிடி. முதல் மழைக்காலத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். திருப்பி அனுப்பினால் சரிசெய்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது, ஆனால் தபால் செலவுக்கு இன்னொரு கத்தி வாங்கிவிடலாம். எங்கள் தெரு ஆசாரி வேப்பங்குச்சி ஆப்பு வைத்து முப்பது ரூபாயில் முடித்தார். கைப்பிடிக்கு ஒரு மார்க், விலைக்கு அரை மார்க் குறைத்து 5க்கு மூன்றரை தருகிறேன்.

அம்மாவிடம் இது குண்டில் செய்தது என்று முதல் நாள் சொன்னபோது, “ஏலே, ஆளைக் கொல்ல வந்த இரும்புல எவனாவது மீன் வெட்டுவானா?” என்று தொடவே மாட்டேன் என்றார். இது காகிதக் குண்டும்மா என்று விளக்கினேன். “காகிதம் போட எதுக்குலே இவ்வளவு இரும்பு?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பாறை மீன் துண்டு துண்டாகச் சட்டியில் கிடந்தது.

இன்னொரு கத்தியும் வாங்கினேன், மனைவியின் அண்ணனுக்கு. பரிசு என்று சொன்னதும் கடைப்பெண் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு, சும்மா கொடுக்காதீர்கள், உறவு அறுந்துவிடும், வாங்குகிறவரிடம் ஒரு நாணயமாவது வாங்கிக்கொள்ளுங்கள், அப்போது அது விற்பனை ஆகிவிடும் என்றாள். நம் வீட்டிலும் கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது, கீழே வைத்தால்தான் எடுக்கவேண்டும் என்பார்கள், அதனால் நம்பினேன். மச்சானிடம் விவரம் சொல்லித்தான் கொடுத்தேன். கோயம்புத்தூரில் கறிக்குழம்புக்கு அதைத்தான் எடுக்கிறார், அருமை என்று போனில் வேறு சொல்கிறார். அந்த ஒரு ரூபாயைத்தான் இன்னும் தரவில்லை.